முத்துப்பிள்ளை க்ளீன் பண்ணியாச்சு, பீரியட்ஸும் வந்துடுச்சு, இன்னும் எதுக்கு வாரா வாரம் ரத்த டெஸ்ட்? ஏற்காடு தங்கச்சிக்கு என் பதில்

கேள்வி இதுதான், சுருக்கமா சொல்லிடறேன். தங்கச்சிக்கு வயசு 24, நாகலூர் பக்கம் வீடு. மூணாவது மாசத்துல விடாம வாந்தி, அப்புறம் ரத்தப்போக்கு, சேலத்துல ஸ்கேன் பார்த்துட்டு முத்துப்பிள்ளை கர்ப்பம்னு (குழந்தைக்குப் பதிலா நஞ்சுக்கொடித் திசு முத்து முத்தா பெருகறது) சொல்லி சக்‌ஷன் வெச்சு எடுத்துட்டாங்க. அஞ்சு வாரம் ஆச்சு. பீட்டா ஹெச்சிஜி, அதான் கர்ப்பத் திசு ரத்தத்துல விடற ஹார்மோன், ஆபரேஷனுக்கு முன்னாடி 1,80,000-க்கு மேல, அப்புறம் வாரா வாரம் 4,200, 610, 148, 52. இந்த வாரம் மழையில கீழ இறங்க முடியாம பக்கத்துல வேற லேப்புக்கு ரத்தம் குடுத்ததுல 61-னு வந்திருக்கு. பீரியட்ஸ் மாதிரி ரத்தமும் பட்டிருக்கு, உடம்பு நல்லாத்தான் இருக்கு. இனிமே டெஸ்ட் எதுக்கு, 61-னா கேன்சரா, மாமியார் அடுத்த குழந்தைக்கு அவசரப்படறாங்க, அத்தை பையனைக் கட்டுனதாலதான் இப்படி ஆச்சான்னு கேட்டிருக்காங்க.

நான் சேலத்துல கைனிக் வார்டுல ரொம்ப வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ, இந்த பிரச்சனையில வந்தவங்களை நிறைய பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்ம்மா, பொறுமையா படிங்க, முடிஞ்சா வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்க.

முதல்ல அந்த 61. பயப்படாதீங்க, ஆனா டெஸ்ட்டையும் நிறுத்தாதீங்க. ஒவ்வொரு கம்பெனி மெஷினும் இந்த ஹார்மோனை ஒவ்வொரு விதமா அளக்கும், ஒரே ஆளோட ஒரே நாள் ரத்தத்தைப் பிரிச்சு ரெண்டு லேப்புக்கு அனுப்புனாக்கூட ரெண்டு நம்பர் வரலாம், 52-க்கும் 61-க்கும் இருக்கற வித்தியாசம் அதனாலயே வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. நிஜமாவே கொஞ்சம் ஏறியிருந்தாலும் ஒரே ஒரு ரிசல்ட்டை வெச்சு எந்த டாக்டரும் முடிவு எடுக்க மாட்டாங்க. உலகம் முழுக்க டாக்டர்ங்க பார்க்கற கணக்கு ஃபீகோ, அதான் சர்வதேச மகப்பேறு டாக்டர்ங்க அமைப்பு, சொன்னது, மூணு வாரத்துல எடுத்த நாலு ரிசல்ட்டும் பத்து சதவீதத்துக்குள்ளயே ஏறி இறங்கி அப்படியே நின்னா ஒண்ணு, இல்ல ரெண்டு வாரத்துல எடுத்த மூணு ரிசல்ட் பத்து சதவீதத்துக்கு மேல ஏறிட்டே போனா இன்னொண்ணு. அப்பதான் மேல சிகிச்சை வேணுமான்னு யோசிப்பாங்க. உங்களுக்கு இப்ப அந்த ரெண்டுமே இல்ல. ஆனா இல்லைன்னு உறுதியா சொல்லணும்னா அடுத்த ரிசல்ட் வேணும், அதுவும் முதல்ல இருந்து எடுத்த அதே லேப்ல. அதனால ரோடு திறந்திருக்கற முதல் நாள் இறங்கி அங்கயே குடுங்க, ரெண்டு ரிப்போர்ட்டையும் டாக்டர்கிட்ட காட்டி, 61 வேற லேப்னு வாயாலயே சொல்லுங்க, ஓபி கூட்டத்துல அவங்க லேப் பேரைப் பார்க்காம விட்டுடலாம்.

இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணும்னு கிடையாது. மலையில இருந்து வர்றவங்க நிறைய பேர் காலையில ஒண்ணும் சாப்பிடாம முதல் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வாந்தி எடுத்துட்டு, லேப்ல வந்து மயங்கி உக்காந்திருப்பாங்க, ஏற்கனவே ரத்தம் போன உடம்பு. ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டே கிளம்புங்க. மழை நாள்ல மெயின் ரோட்ல மண் சரிஞ்சா குப்பனூர் வழி இருக்கு, நேரம் கூட ஆகும், ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளிப் போறதுல தப்பில்ல, திங்கக்கிழமைக்கு பதிலா புதன்கிழமை எடுத்தா ஒண்ணும் கெட்டுப் போகாது, ஆனா ஒரு வாரம் முழுசா விட்டுப் போச்சுன்னா அடுத்த வாரமும் விட்டுப் போகும், அப்படியே ரெண்டு மாசம் காணாமப் போனவங்களைத்தான் நாங்க கடைசியில கஷ்டமான நிலைமையில பார்ப்போம்.

இப்ப நீங்க கேட்ட பெரிய கேள்வி, உடம்பு நல்லா இருக்கும்போது எதுக்கு டெஸ்ட். இதுல வயித்துக்குள்ள வளர்ந்தது நஞ்சுக்கொடியா மாற வேண்டிய திசு, அது குழந்தைக்குச் சோறு போடற வேலையை விட்டுட்டு தன்னிஷ்டத்துக்கு நீர் கோத்து குட்டிக் குட்டி முத்தா பெருகிடும். நம்ம சேலத்துக்காரங்களுக்கு சொல்லணும்னா ஊறவெச்ச ஜவ்வரிசி மாதிரிதான் இருக்கும், நான் தியேட்டர்ல பாட்டில்ல வர்றதைப் பார்த்திருக்கேன், சிலது கடுகளவு, சிலது திராட்சை அளவு. நஞ்சுக்கொடி செல்லுக்கு இயற்கையாவே கர்ப்பப்பை சுவத்துக்குள்ள வேர் விட்டுப் போற குணம் உண்டு. சக்‌ஷன்ல பெரும்பகுதி வந்துடும், ஆனா சுவத்துக்குள்ள போய் ஒட்டிக்கிட்ட கொஞ்சம் செல்லு, சில சமயம் ரத்தத்துல கலந்து நுரையீரல் பக்கம் போன செல்லு, இதெல்லாம் டாக்டர் எவ்வளவு நல்லா க்ளீன் பண்ணாலும் மிச்சம் இருக்கத்தான் செய்யும். முக்கால்வாசிப் பேருக்கு மேல அதை உடம்பே அழிச்சிடும். கொஞ்சம் பேருக்கு அது மறுபடி வளர ஆரம்பிக்கும். அந்த ஆரம்பத்துல வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஸ்கேன்லயும் தெரியாது, பசி தூக்கம் எல்லாம் நல்லா இருக்கும். ஆனா அந்த செல்லு எங்க இருந்தாலும் ஹெச்சிஜியை ரத்தத்துல விடாம இருக்காது. அதனால உள்ள என்ன நடக்குதுன்னு முன்கூட்டியே நமக்குச் சொல்றது அந்த நம்பர் ஒண்ணுதான். உடம்பு நல்லா இருக்குன்னு நிறுத்தறதும், நம்பர் நார்மல் ஆச்சுன்னு நிறுத்தறதும் ஒண்ணு கிடையாது.

பீரியட்ஸ் வந்துச்சுன்னு சொல்றீங்க, அது பீரியட்ஸா இருக்கலாம், நாலு வாரத்துல இருந்து ஆறு வாரத்துல வர்றது வழக்கம்தான். ஆனா ஹெச்சிஜி இன்னும் நார்மல் ஆகாம இருக்கும்போது படற ரத்தத்தை பீரியட்ஸ்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது. எத்தனை நாள் பட்டுச்சு, எத்தனை பேட், கட்டி விழுந்துச்சான்னு எழுதி வெச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க, தேவைன்னா ஒரு ஸ்கேன் எடுத்து உள்ள ஏதாவது மிச்சம் இருக்கான்னு பார்ப்பாங்க.

ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. தேதி, லேப் பேரு, ஹெச்சிஜி நம்பர், அந்த வாரம் ரத்தம் பட்டுச்சா, இவ்வளவுதான், ஒரு வாரத்துக்கு ஒரு வரி. ரிப்போர்ட் பேப்பர் மழையில நனையும், தொலையும், ஓபியில ஒவ்வொரு தடவையும் வேற டாக்டர் இருப்பாங்க, அந்த நோட்டைக் காட்டுனா ஒரே பார்வையில நம்பர் எப்படி இறங்கியிருக்குன்னு தெரிஞ்சிடும். உங்க நம்பரையே பாருங்க, 4,200-ல இருந்து 610, அதுல இருந்து 148, அப்புறம் 52. முதல்ல சரசரன்னு இறங்கும், கீழ வர வர மெதுவாகும், எல்லாருக்கும் அப்படித்தான். நார்மல்னா அஞ்சுக்குக் கீழ, கடைசி அம்பதுல இருந்து அங்க வர்றதுக்கு இன்னும் சில வாரம் ஆகலாம். ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல நார்மல் ஆகறவங்கதான் நிறைய.

வீட்ல கார்டு டெஸ்ட் போட்டுப் பார்க்காதீங்க. இப்ப போட்டா ரெண்டு கோடு வரும், கர்ப்பம் நிக்குதோன்னு வீட்ல குழப்பம் ஆகும். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கோடு வந்தா முடிஞ்சிடுச்சுன்னு நினைப்பீங்க, அந்தக் கார்டு பொதுவா 25 அளவுக்கு மேல இருந்தாத்தான் காட்டும், நமக்கு அஞ்சுக்குக் கீழ போகணும். இன்னொரு விஷயம், முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க அதை டாக்டர்கிட்டயும் லேப்லயும் சொல்லணும், அதிக டோஸ் பயோட்டின் சில மெஷின்ல ஹெச்சிஜியைக் குறைச்சுக் காட்டிடும். இந்த மாதிரி ஆபரேஷனுக்கு அப்புறம் முடி கொட்டறது சகஜம், கடையில கேட்டு வாங்கிச் சாப்பிடறதும் சகஜம், அதனாலதான் சொல்றேன்.

எத்தனை நாளைக்கு டெஸ்ட்னு கேட்டா, அதுக்கு உங்க பயாப்சி ரிப்போர்ட் வேணும். க்ளீன் பண்ணி எடுத்ததை பரிசோதனைக்கு அனுப்பியிருப்பாங்க, ரெண்டு மூணு வாரத்துல ரிப்போர்ட் வந்திருக்கும், நிறைய பேர் அதைப் போய் வாங்கவே மாட்டாங்க. வாங்குங்க. அதுல கம்ப்ளீட் மோல், பார்ஷியல் மோல்னு ரெண்டுல ஒண்ணு போட்டிருக்கும், மோல்னா முத்துப்பிள்ளைதான், சந்தேகமா இருந்தா பி57-னு ஒரு கூடுதல் டெஸ்ட் செஞ்சு பிரிச்சுப் பார்ப்பாங்க. கம்ப்ளீட்ல குழந்தையே உருவாகி இருக்காது, தாயோட கருமுட்டையில மரபணு இல்லாமப் போய் அப்பாவோடது மட்டுமே இருக்கும். பார்ஷியல்ல ஒரு முட்டைக்குள்ள ரெண்டு விந்தணு போயிருக்கும், மூணு பங்கு மரபணு, கரு மாதிரி ஏதோ இருக்கும் ஆனா பிழைக்காது. கம்ப்ளீட்னா நூத்துல பதினஞ்சு இருபது பேருக்கு மேல சிகிச்சை தேவைப்படும், பார்ஷியல்னா அஞ்சு பேருக்கும் கீழதான், அதனால கண்காணிப்பும் அதுக்குத் தகுந்த மாதிரி. பொதுவா நார்மல் ஆகற வரைக்கும் வாரா வாரம், தொடர்ந்து மூணு வாரம் நார்மல் வந்ததுக்கு அப்புறம் மாசம் ஒரு தடவை. பார்ஷியலுக்கு நார்மல் ஆகி ஒரு மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் நார்மல்னா போதும்னு இப்ப சொல்றாங்க, கம்ப்ளீட்டுக்கு நார்மல் ஆனதுல இருந்து மூணு மாசம்னு ஃபீகோ சொல்லுது, ஆனா நம்ம பக்கம் ஆறு மாசம் பார்க்கற டாக்டர்ங்க நிறைய. ரெண்டுக்கும் காரணம் இருக்கு, உங்க டாக்டர் சொல்றதை விட்டுட்டு இதைப் பிடிச்சுட்டு வாதாட வேண்டாம். அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, எந்த தேதியோட டெஸ்ட் முடியுதுன்னு ஃபைல்ல எழுதித் தரச் சொல்லுங்க. முடிவு தேதி தெரிஞ்சா மனசு தாங்கும், எத்தனை தடவை மலை இறங்கணும்னு கணக்கு போட்டு காசும் லீவும் ஒதுக்கலாம்.

காசு விஷயம் எனக்குத் தெரியும், வாரா வாரம் தனியார் லேப்ல குடுத்தா, பஸ் செலவு, கூட வர்றவருக்கு ஒரு நாள் கூலி, எல்லாம் சேர்ந்து பெரிய சுமை. சேலம் ஜிஹெச்ல, அதான் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில, மகப்பேறு ஓபியில ஃபைலோட போய் நிலைமையைச் சொல்லிக் கேளுங்க, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. நடுவுல இடம் மாத்தறதா இருந்தா முதல் தடவை மட்டும் பழைய லேப், புது லேப் ரெண்டுலயும் ஒரே நாள் ரத்தம் குடுத்து ரெண்டு நம்பரையும் நோட்ல எழுதிக்கோங்க, அதுக்கு அப்புறம் புது இடத்துலயே தொடருங்க. கம்பெனியில வேலை பார்க்கறவங்களா இருந்தா கருக்கலைப்புக்கு, கரு கலைஞ்சதுக்கு குடுக்கற மாதிரி சட்டப்படி ஆறு வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, இஎஸ்ஐ இருக்கறவங்களும் கேட்டு வாங்கலாம், டிஸ்சார்ஜ் சம்மரி பத்திரம்.

உடம்பு விஷயம். ரத்தம் ஒண்ணு ரெண்டு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள், குறைஞ்சுட்டே வந்து நிக்கணும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசா நனையுது, துர்நாற்றம், குளிர் காய்ச்சல், தலை சுத்தி கண்ணு இருட்டுது, இருமல்ல ரத்தம், மூச்சு வாங்குது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108-க்குப் போன் பண்ணுங்க, முதல்ல ஏற்காடு ஜிஹெச்சுக்குப் போய் ட்ரிப் ஏத்திட்டு அப்புறம் சேலம் இறங்கலாம். மலை மேல இருக்கறவங்க சாயந்திரமே சந்தேகம் வந்துட்டா சாயந்திரமே கிளம்பறது நல்லது, பனி இறங்குன ராத்திரியில அந்த ரோட்ல ஆம்புலன்ஸும் மெதுவாத்தான் வரும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஹெச்சிஜி இவ்வளவு இருந்தவங்களுக்கு சினைப்பையில ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி வர்றது உண்டு. ஹெச்சிஜி இறங்க இறங்க ரெண்டு நாலு மாசத்துல தானா சுருங்கிடும், ஆபரேஷன் தேவையில்ல, இது வழக்கமா பொண்ணுங்களுக்குச் சொல்ற பிசிஓடி நீர்க்கட்டியும் கிடையாது. வேற எங்கயாவது ஸ்கேன் எடுத்து கட்டி இருக்கு எடுக்கணும்னு சொன்னா முத்துப்பிள்ளை எடுத்த விஷயத்தை உடனே சொல்லுங்க. ஆனா திடீர்னு ஒரு பக்கம் அடிவயித்துல தாங்க முடியாத வலி, கூடவே வாந்தின்னா கட்டி முறுக்கியிருக்கலாம், அது அவசரம். படபடப்பு, கை நடுக்கம் இருந்தவங்களுக்கு தைராய்டும் ஏறியிருக்கும், ஹெச்சிஜி இறங்குனா அதுவும் இறங்கும், மாத்திரை குடுத்திருந்தா நீங்களா நிறுத்தாம மறுபடி ரத்தம் பார்த்துட்டு டாக்டர் சொன்னப்புறம் நிறுத்துங்க. உங்க ரத்த வகை நெகட்டிவ்னா ஆன்டி-டி ஊசி போட்டாங்களான்னு ஃபைல்ல பாருங்க, 72 மணி நேரத்துக்குள்ள போட வேண்டியது, எழுதலைன்னா டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

இரும்பு மாத்திரை கண்டிப்பா சாப்பிடுங்க, ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு ஒரு தடவை பாருங்க. எஸ்டேட் பக்கம் காபி இல்லாம ஒரு வேளை கூட நகராது, எனக்கும் தெரியும், ஆனா மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் காபி டீ வேண்டாம், சத்து உடம்புல சேராது. ஆரஞ்சு, நெல்லிக்காய், கொய்யா எதுவா இருந்தாலும் மாத்திரை நேரத்துல சாப்பிடுங்க, நல்லா சேரும். முருங்கைக்கீரை, ராகி, கம்பு, முட்டை, ஈரல், வீட்ல எது கிடைக்குதோ அது. கர்ப்பப்பை சுத்தமாகணும்னு யாராவது கஷாயம், நாட்டு மருந்து குடுத்தா வாங்கிக்காதீங்க, சுவத்துக்குள்ள போன செல்லை அது எடுக்காது, ரத்தப்போக்கு கூடுச்சுன்னா எதனாலன்னு கண்டுபிடிக்கறதும் கஷ்டம் ஆயிடும். ரத்தம் நின்னு ரெண்டு வாரம் வரைக்கும் தாம்பத்தியம் வேண்டாம், மூட்டை தூக்கற வேலையும் அது வரைக்கும் வேண்டாம்.

அதுக்கு அப்புறம் கர்ப்பம் நிக்காம பார்த்துக்கறதுதான் டெஸ்ட்டுக்கு அடுத்து பெரிய விஷயம், மாமியார் அவசரத்துக்கும் இதுதான் பதில். கர்ப்பம் நின்னா ஹெச்சிஜி தானா ஏறும், அப்ப அது குழந்தையாலயா இல்ல பழைய செல்லாலயான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, நோய் திரும்ப வந்திருந்தா மாசக்கணக்குல மறைஞ்சு இருக்கும், வர்ற குழந்தைக்கும் உங்களுக்கும் ரெண்டு பேருக்கும் ஆபத்து. மாமியார்கிட்ட நீங்களே தனியா மல்லுக்கட்டாம அடுத்த ஓபிக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேட்டா பெரியவங்க ஏத்துக்குவாங்க, நான் பார்த்த அனுபவத்துல அது நல்லா வேலை செய்யுது. வீட்டுக்காரர் காண்டம் போடறது சுலபம், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டா நோய் திரும்பும்னு முன்னாடி ஒரு பயம் இருந்துச்சு, இப்ப அது பிரச்சனை இல்லைன்னு தெரிஞ்சிருக்கு, உங்க உடம்புக்கு ஒத்துக்குமான்னு மட்டும் டாக்டர் பார்க்கணும். காப்பர்-டி மட்டும் ஹெச்சிஜி நார்மல் ஆகற வரைக்கும் வேண்டாம், கர்ப்பப்பை மெலிஞ்சு இருக்கும்போது ஓட்டை விழவும் ரத்தம் போகவும் வாய்ப்பு உண்டு. உங்க ஊர் வில்லேஜ் நர்ஸ்கிட்ட மாலா-என் மாத்திரை, நிரோத் காண்டம் இலவசமா கிடைக்கும். அவங்ககிட்ட கர்ப்பம் கலைஞ்சுடுச்சுன்னும் சொல்லிடுங்க, இல்லைன்னா பிக்மி நம்பர்ல, அதான் அரசு கர்ப்பிணிப் பதிவு நம்பர்ல, நீங்க இன்னும் கர்ப்பிணின்னே இருப்பீங்க, செக்கப்புக்கு வரலியான்னு போன் வரும், அந்த நேரத்துல அந்தப் போன் மனசை ரொம்ப நோகடிக்கும்.

கேன்சர். இந்த வார்த்தையை உங்ககிட்ட யார் சொன்னாங்கன்னு தெரியல, சொன்னவங்க மீதியையும் சொல்லியிருக்கணும். முத்துப்பிள்ளை தானா கேன்சர் கிடையாது. நான் மேல சொன்ன மாதிரி கொஞ்சம் பேருக்கு அந்த செல்லு மறுபடி வளரும், அதை ஜிடிஎன்னு சொல்லுவாங்க, அதுல ஒரு வகை கோரியோகார்சினோமா, அது கேன்சர்தான். ஆனா அமெரிக்காவுல லீ, ஹெர்ட்ஸ்னு ரெண்டு டாக்டர்ங்க 1956-லயே பரவிப்போன இந்த நோயை மெத்தோட்ரெக்ஸேட் மருந்தாலயே குணமாக்கிக் காட்டிட்டாங்க, கட்டியா வளர்ற கேன்சர்ல மருந்தால மட்டுமே குணமானது முதல்ல இதுதான். வாரா வாரம் டெஸ்ட் எடுத்து ஆரம்பத்துல பிடிச்சவங்க பெரும்பாலும் குறைஞ்ச ஆபத்து வகையிலதான் இருப்பாங்க, வயசு, ஹெச்சிஜி அளவு, எங்க பரவியிருக்கு இதுக்கெல்லாம் மார்க் போட்டு ஆறு வரைக்கும் வந்தா அந்த வகை. அவங்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஊசி ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு ஊசி, நடுவுல அந்த மருந்தோட பக்க விளைவைக் குறைக்க ஃபோலினிக் ஆசிட், அப்புறம் கொஞ்ச நாள் இடைவெளி விட்டு மறுபடி, ஹெச்சிஜி நார்மல் ஆகி அதுக்கு மேலயும் ரெண்டு மூணு சுத்து. முடி பொதுவா கொட்டாது, வாய்ப்புண் வரும், கண்ணு எரியும், சோர்வு இருக்கும். குணமாகறது கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு, ஒரு மருந்து கேக்கலைன்னா இன்னொண்ணு இருக்கு, கர்ப்பப்பையும் அப்படியே இருக்கும், அப்புறம் குழந்தையும் பெத்துக்கலாம். லேட்டா வர்றவங்களுக்கும் வைத்தியம் உண்டு, ஆனா அஞ்சாறு மருந்து சேர்த்துக் குடுக்கணும், உடம்பு ரொம்ப வாடும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் டெஸ்ட்டை இவ்வளவு வற்புறுத்தறேன். ஒருவேளை ஊசி போட வேண்டி வந்தா, கர்ப்பத்துக்காகக் குடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் கடையில வாங்கற வலி மாத்திரையையும் டாக்டரைக் கேக்காம சாப்பிடக் கூடாது, ரெண்டும் அந்த மருந்தோட மோதும்.

சொந்தத்துல கட்டுனதால வந்துச்சா? முதல் தடவை வர்ற முத்துப்பிள்ளைக்கு சொந்தக் கல்யாணம் காரணம் இல்லம்மா. கருத்தரிக்கற அந்த நேரத்துல நடக்கற பிசகு அது. நீங்க பப்பாளி சாப்பிட்டதாலயோ, காபிப்பழம் பறிக்கப் போனதாலயோ, கிரகணத்துல வெளிய வந்ததாலயோ வரல. இருபதுக்குக் கீழயும் நாப்பதுக்கு மேலயும் கொஞ்சம் அதிகமா வரும், உங்க வயசுல அதுவும் இல்ல. சொந்தக் கல்யாணம் சம்பந்தப்படறது ஒரே ஒரு அரிய வகையில, ஒரே பொண்ணுக்கு திரும்பத் திரும்ப முத்துப்பிள்ளையே வரும், அக்கா தங்கச்சிக்கும் வரும், என்எல்ஆர்பி7-னு ஒரு மரபணு அம்மா வழி, அப்பா வழி ரெண்டுலயும் பழுதா வந்தா அப்படி ஆகும். அந்தப் பொண்ணோட அப்பா அம்மா சொந்தமா இருந்தா அதுக்கு வாய்ப்பு கூடும். அதாவது அதுலயும் பார்க்க வேண்டியது உங்க கல்யாணம் இல்ல, உங்க அப்பா அம்மா கல்யாணம். உங்க கூடப் பொறந்தவங்களுக்கோ உங்களுக்கோ ரெண்டாவது தடவையும் வந்தா அப்ப மரபணு டெஸ்ட் பத்தி கேக்கலாம், இப்ப அதை நினைச்சு உங்க வீட்டுக்காரரையோ உங்களையோ யாரும் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல.

அப்புறம் நீங்க கேக்காத ஒண்ணு. மூணு மாசம் வயித்துல சுமந்தோம்னு நினைச்சுட்டு இருந்தது குழந்தையே இல்லைன்னு ஸ்கேன் ரூம்ல சொன்னா எப்படி இருக்கும். அழறதுக்கு கூட வீட்ல இடம் குடுக்க மாட்டாங்க, கட்டிதானே எடுத்தாச்சுல்ல, இன்னும் என்னன்னு கேப்பாங்க. வார்டுல நான் பார்த்த வரைக்கும் ஆபரேஷன் அன்னிக்கு தைரியமா இருந்தவங்க நாலாவது, அஞ்சாவது வாரம் லேப் வரிசையில நிக்கும்போது, பக்கத்துல வயித்தோட நிக்கற பொண்ணைப் பார்த்துட்டு உடைஞ்சு போவாங்க. அந்த அழுகை நியாயமானது, அடக்காதீங்க. தூக்கம் சரியா இல்லாம, சாப்பாடு இறங்காம, எதுலயும் பிடிப்பு இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல போனா டாக்டர்கிட்ட அதையும் ஒரு நோய்க்குறியா சொல்லுங்க, 104-க்குப் போன் பண்ணாலும் பேசுவாங்க.

அடுத்த குழந்தைக்கு வர்றேன். டெஸ்ட் முடிஞ்சதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்ததும் முயற்சி பண்ணலாம், மெத்தோட்ரெக்ஸேட் போட்டவங்கன்னா மருந்து முடிஞ்சு ஒரு வருஷம் விடச் சொல்லுவாங்க. மறுபடி முத்துப்பிள்ளை வர்றதுக்கு நூத்துல ஒண்ணு ரெண்டு வாய்ப்புதான், மீதி எல்லாருக்கும் மத்த பொண்ணுங்க மாதிரியே சாதாரண கர்ப்பம். நாள் தள்ளிப் போனதும் மூணாம் மாசம் வரைக்கும் காத்திருக்காம ஆறு எட்டு வாரத்துலயே ஒரு ஸ்கேன் எடுத்து இதயத்துடிப்பு பார்த்துடுங்க, பழைய ஃபைலையும் அந்த நோட்டையும் அன்னிக்கு டாக்டர் மேஜையில வைங்க. பிரசவம் ஆனப்புறம் ஆறாவது வாரம் ஒரு பீட்டா ஹெச்சிஜி எடுக்கச் சொல்ற டாக்டர் உண்டு, ஊசி போட்டவங்களுக்கு அது கண்டிப்பா வேணும், மத்தவங்களுக்கு அவங்க சொன்னா எடுத்தா போதும்.